கோட்டை மலையும் குட்டிக் கால்களும்



தேர்வு முடிந்து விடுமுறை பிறந்ததும் நம் சோமனூர் வீடுகளில் எழும் முதற் கேள்வி, "இந்த முறை எங்கே போகலாம்?" என்பதுதான். ஊட்டி என்பார் ஒருவர். கடற்கரை என்பார் மற்றொருவர். வரலாற்றுப் பாடம் படித்த ஒரு பெண், "சங்ககிரிக் கோட்டைக்குப் போகலாம், தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்ட இடத்தைப் பார்க்கலாம்" என்பாள். உடனே மூலையிலிருந்து பாட்டியின் குரல் கேட்கும்: "சின்னஞ்சிறுசுகளை வெச்சுக்கிட்டு அந்தச் செங்குத்து மலையில எப்படி ஏறுவீங்க கண்ணு?"

பாட்டியின் கேள்வி நியாயமானது. அதற்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். இதை உங்களுக்கு எழுதுவதற்குக் காரணமும் உண்டு. இரவு பகலாகத் தறி ஓடும் நம் பகுதியில், தம்பி தங்கையரின் கையைப் பிடித்து நடத்திச் செல்லும் பொறுப்பு பெரும்பாலும் வீட்டின் மூத்த பெண்ணுக்கே வாய்க்கிறது. மலைமேலும் அந்தச் சிறு கை உங்கள் கையில்தான் இருக்கும்.

கோட்டை மலை ஏன் இத்தனை கடினம்?

கோயில் மலைக்கும் கோட்டை மலைக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. கோயிலுக்குப் படி கட்டியவர், கிழவரும் குழந்தையும் வரவேண்டும் என்று எண்ணிக் கட்டினார். ஆகவே படிகள் ஒரே அளவாக இருக்கும். இடையிடையே மண்டபமும் நிழலும் இருக்கும். கோட்டைக்கு வழி அமைத்தவரோ எவரும் எளிதில் வந்துவிடக் கூடாது என்றே எண்ணினார். ஏறி வருபவன் மூச்சு வாங்க வேண்டும். கால் தடுமாற வேண்டும். நிழலின்றி வாட வேண்டும். வாயிலை அடையும்போது வாளைத் தூக்கவும் வலுவின்றி நிற்க வேண்டும். இதுவே அவருடைய திட்டம்.

திருக்குறளில் 'அரண்' என்பது 75-ஆம் அதிகாரம். கோட்டைக்கு உயரமும் அகலமும் உறுதியும் வேண்டும் என்பதோடு, பகைவர் நெருங்க முடியாத அருமையும் வேண்டும் என்பது அதன் கருத்துகளுள் ஒன்று. மலைக்கோட்டைகளில் அந்த அருமையைக் கண்ணாலேயே காணலாம். வழி நேராகச் செல்லாது. வளைந்து வளைந்து செல்லும். யானைகள் ஓடி வந்து கதவை முட்ட முடியாதபடி வாயிலுக்கு முன் ஒரு திருப்பம் இருக்கும். திருப்பத்துக்கு மேல் மதில். மதிலில் அம்பு எய்யவும் துப்பாக்கி நீட்டவும் துளைகள். ஒரு வாயிலைக் கடந்துவிட்டோம் என்று மகிழ்வதற்குள் அடுத்த வாயில் எதிரே நிற்கும்.

இதை முதலில் அறிந்துகொள்ளுங்கள். கோட்டை மலையில் குழந்தை சோர்ந்து உட்கார்ந்தால் அது குழந்தையின் குறையன்று. அந்தக் கோட்டை தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்றே பொருள்! வாட்டசாட்டமான படைவீரனைச் சோர்வடையச் செய்யக் கட்டிய வழியில், ஐந்து வயதுக் குழந்தையை அழைத்துச் செல்லப் போகிறோம். ஆகவே நம் திட்டம், அந்தக் கோட்டையைக் கட்டியவரின் திட்டத்தைவிடச் சிறந்ததாக இருக்க வேண்டும்.

நமக்கு அண்மையில் சங்ககிரி

நம் சோமனூர் ரயில் நிலையத்தைக் கடந்து செல்லும் அதே இருப்புப்பாதை திருப்பூர், ஈரோடு வழியாகச் சென்று, காவிரியைத் தாண்டிச் சங்ககிரியை அடைகிறது. அங்குள்ள நிலையத்தின் பெயர் 'சங்கரி துர்க்'. துர்க்கம் என்றால் எளிதில் நெருங்க முடியாத அரண் என்று பொருள். ஒரு பக்கத்திலிருந்து பார்க்கையில் மலை சங்கு போலத் தோன்றுவதால் சங்ககிரி எனப் பெயர் வந்தது என்பர்.

சேலம் மாவட்டத்தில் உள்ள இக்கோட்டை விஜயநகர மன்னர் காலத்தில் தோன்றியது. பின்னர் மைசூர் ஆட்சியில் திப்பு சுல்தானின் படை இங்கே தங்கியிருந்தது. மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில், 1792-ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி சேலம் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறியபோது, சங்ககிரியும் ஆங்கிலேயர் வசமாயிற்று. மலையின் ஒரு பக்கமாகவே மேலேறும் வழி உண்டு. மற்றப் பக்கங்கள் ஏறுதற்கு அரியவை. ஒன்றன்மேல் ஒன்றாக மதில்களும் வாயில்களும் அந்த ஒரே வழியைக் காத்து நிற்கின்றன. மலைமேல் சென்னகேசவப் பெருமாள் கோயில் இருக்கிறது. முகமதியர் வழிபடும் இடங்களும் இருக்கின்றன. தானியக் கிடங்கும் நீர்நிலைகளும் இருக்கின்றன. இன்று இந்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம் இது.

ஆனால் கொங்கு மக்களாகிய நமக்குச் சங்ககிரி என்றதும் நினைவுக்கு வருபவர் ஒருவரே. காங்கயம் அருகே மேலப்பாளையத்தில் 1756-ஆம் ஆண்டு பிறந்த தீர்த்தகிரி, 'தீரன் சின்னமலை' என்று பெயர் பெற்றார். ஓடாநிலையில் கோட்டை கட்டி, கம்பெனிப் படையோடு மீண்டும் மீண்டும் பொருதினார். இறுதியில் சிறைப்பட்டு, 1805-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் நாள் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்டார். ஆண்டுதோறும் ஆடிப் பதினெட்டன்று அவருக்கு அஞ்சலி செலுத்த மக்கள் சங்ககிரியில் கூடுகின்றனர். குழந்தைகளை அங்கே அழைத்துச் செல்ல இந்த ஒரு காரணமே போதும். புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்ததை, கால் வலிக்க நடந்து சென்று பார்த்த குழந்தை வாழ்நாளில் மறக்காது.

செஞ்சி கற்பிக்கும் பாடம்

மலைக்கோட்டை எப்படி இயங்கியது என்பதைத் தெளிவாகக் காட்டும் இடம், விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சி. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று மலைகளையும் ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நீளமுள்ள மதில் இணைக்கிறது. மூன்றிலும் உயர்ந்தது ராஜகிரி. தரையிலிருந்து ஏறத்தாழ 800 அடி. உச்சிக்குச் சற்றுக் கீழே பாறை பிளந்து ஓர் ஆழமான பள்ளம் குறுக்கிடுகிறது. அதன்மேல் உள்ள சிறு பாலத்தைக் கடந்தால்தான் உச்சிக் கோட்டைக்குள் நுழைய முடியும். அந்தக் காலத்தில் பாலத்தை எடுத்துவிட்டால், ஒரு சிலரே பெரும் படையைத் தடுத்து நிறுத்தலாம்.

1677-இல் சிவாஜி இக்கோட்டையைக் கைப்பற்றினார். அவர் மகன் ராஜாராம் இங்கே தங்கியிருந்தபோது, 1690-இல் ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் முற்றுகையைத் தொடங்கினார். கோட்டை மொகலாயர் வசமானது 1698-இல்! ஏழாண்டுகளுக்கும் மேலாக ஒரு பேரரசின் படையை இந்த மலையும் மதிலும் காக்க வைத்தன. நாட்டுப்புறக் கதைகளில் நாம் கேட்கும் தேசிங்கு ராஜன் வீழ்ந்ததும் இச்செஞ்சிக்காக நடந்த போரில்தான், ஆண்டு 1714. மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ நிறுவனம் 2025-ஆம் ஆண்டு உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, தமிழ்நாட்டிலிருந்து அப்பட்டியலில் இடம்பெற்றது செஞ்சி ஒன்றே.

இதிலிருந்து ஒரு பாடம் கற்கலாம். பேரரசரின் படைக்கே ஏழாண்டுகள் பிடித்த மலை அது. நம் வீட்டுத் தம்பி மூன்றாம் வாயிலோடு "போதும் அக்கா" என்றால், அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

ஓரடிப் படியின் கணக்கு

இப்போது சிறிது கணக்குப் போடுவோம். நம் வீட்டு மாடிப்படியின் உயரம் ஆறு அல்லது ஏழு அங்குலம். கோட்டை வழியில் ஓரடி உயரக் கற்படிகள் சாதாரணமாக வரும். ஐந்து வயதுக் குழந்தையின் உயரம் மூன்றரை அடி என்று கொள்வோம். ஓரடிப் படி அதன் உயரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஐந்தரை அடி உயரமுள்ள அப்பாவுக்கு அதே அளவில் படி வைத்தால், ஒவ்வொரு படியும் ஒன்றரை அடிக்கு மேல் உயரமாக இருக்கும். அது நாற்காலியின் உட்காரும் பலகை உயரம்! நூறு நாற்காலிகளின்மேல் வரிசையாக ஏறச் சொன்னால் அப்பா என்ன சொல்வார்? குழந்தை முனகும்போது இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

நேரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. ஸ்காட்லாந்து நாட்டு மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் என்பவர் 1892-இல் ஒரு விதி வகுத்தார். மூன்று மைல் நடைக்கு ஒரு மணி நேரம். அதனுடன் ஏறும் ஒவ்வோர் ஆயிரம் அடி உயரத்துக்கும் அரை மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும் என்பதே அது. 800 அடி உயரமும் ஒரு மைல் நடையும் உள்ள மலை என்றால் 20 நிமிடமும் 24 நிமிடமும் சேர்ந்து 44 நிமிடம் ஆகும். ஆனால் இது குளிர் நாட்டில், திடகாத்திரமான பெரியவர் ஓய்வின்றி நடக்கும் நேரம். நம் வெயிலில் குழந்தையோடு செல்வோர் இதை இரண்டு மடங்காக்கி, இளைப்பாறும் நேரத்தையும் சேர்க்க வேண்டும். அதாவது இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்வதே அறிவுடைமை.

வெயில் என்னும் பகைவன்

மலையில் குழந்தைக்கு முதற் பகை பள்ளமன்று, வெயிலே. குழந்தையின் எடையோடு ஒப்பிடும்போது அதன் தோலின் பரப்பு பெரியவர்களைவிட மிகுதி. ஆகவே வெளியிலுள்ள வெப்பம் அதன் உடலுக்குள் விரைவாகப் புகும். வியர்த்து உடலைக் குளிரச் செய்யும் ஆற்றலும் குழந்தைக்குக் குறைவு. மேலும், சூடேறிய பாறையை ஒட்டிய காற்றே மிக வெப்பமானது. குள்ளமான குழந்தை அந்தக் காற்றில்தான் நடக்கிறது. "எனக்கு ஒன்றும் இல்லையே" என்று நீங்கள் நினைக்கும் நேரத்தில் அதன் முகம் சிவந்திருக்கும்.

இதனால்தான் சொல்கிறேன்: ஏப்ரல், மே மாதங்கள் கோட்டை மலைக்கு உகந்தவை அல்ல. கோடை விடுமுறையை விட்டுக் கிறிஸ்துமஸ் விடுமுறையைத் தேர்ந்தெடுங்கள். மார்கழி, தை மாதக் காலைப்பொழுதே மலைக்கு ஏற்றது. அப்போதும் வாயில் திறந்தவுடன் ஏறத் தொடங்கி, வெயில் உச்சிக்கு வருமுன் கீழே வந்துவிட வேண்டும். மழைக்காலம் வேண்டாம், நனைந்த பாறை எண்ணெய் தடவிய தட்டுப்போல் வழுக்கும்.

தாகம் எடுத்த பின் தண்ணீர் கொடுப்பது போதாது. விளையாட்டு மும்முரத்தில் குழந்தைக்குத் தாகம் தெரியாது. கால் மணி நேரத்துக்கு ஒரு முறை, கேட்டாலும் கேளாவிட்டாலும், சில மடக்கு கொடுங்கள். உப்பிட்ட நீர்மோர் மிக நன்று. ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டி அளந்து கலந்தால், வீட்டிலேயே உப்புக் கரைசல் ஆயத்தம். உப்பின் அளவு மட்டும் ஒருபோதும் மிகக் கூடாது.

தலைவலி, குமட்டல், காரணமில்லாத அழுகை, விளையாட்டில் நாட்டமின்மை ஆகியவை வெப்பத்தின் முதல் எச்சரிக்கைகள். அங்கேயே பயணத்தை நிறுத்துங்கள். நிழலில் படுக்க வைத்து, நனைத்த துணியைக் கழுத்திலும் அக்குளிலும் வைத்து விசிறுங்கள். சிறிது சிறிதாக நீர் கொடுங்கள். குழந்தை மயங்கினாலோ, பேச்சுத் தடுமாறினாலோ, வியர்வை நின்று உடல் நெருப்பாய்க் கொதித்தாலோ, அது உயிருக்கே ஆபத்தான நிலை. அப்போது வாயில் எதையும் ஊற்றாமல், உடலை நனைத்து விசிறிக்கொண்டே, உடனே 108-க்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும்.

முதலில் சென்னிமலை

நீந்தத் தெரியாதவளை நேரே ஆற்றில் இறக்குவதில்லை. அதுபோலக் கோட்டை மலைக்கு முன் ஒரு பயிற்சி மலை வேண்டும். நமக்கு அது அருகிலேயே இருக்கிறது. கைத்தறிக்குப் பேர்பெற்ற சென்னிமலையில் 1,320 படிகள். படிகள் சீரானவை, இளைப்பாற மண்டபங்கள் உண்டு, முடியாமற்போனால் வாகனச் சாலையும் உண்டு. ஒரு விடிகாலையில் தம்பி தங்கையை அங்கே அழைத்துச் செல்லுங்கள். பாதியில் தூக்கச் சொல்லாமல் ஏறி, மறுநாள் கால் வலி என்று அழாமல் விளையாடினால் அந்தக் குழந்தை அடுத்த மலைக்கு ஆயத்தம்.

அடுத்தது நாமக்கல். ஊர் நடுவே ஒரே பாறை. ஏறத்தாழ 200 அடி உயரம். மேலே சிறு கோட்டை. அடியில் இரு பக்கமும் பாறையைக் குடைந்து அமைத்த நரசிம்மர், அரங்கநாதர் குகைக் கோயில்கள். பாறையில் வெட்டிய படிகளில் நடப்பது எப்படி, பள்ளத்தின் அருகே எப்படி நிற்பது என்பவற்றைக் குழந்தை இங்கே கற்கும். சென்னிமலை கால்களுக்குப் பயிற்சி. நாமக்கல் கண்களுக்கும் மனத்துக்கும் பயிற்சி. இரண்டும் முடிந்தபின் சங்ககிரி. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைப் பாட்டியிடம் விட்டுச் செல்வதே நல்லது. அதற்கு வரலாறும் புரியாது. நமக்கும் கைகள் போதா.

உடையும் மூட்டையும்

பாவாடையின் விளிம்பு ஏறும்போது காலில் மாட்டும். இறங்கும்போது படியையே மறைக்கும். சுடிதாரே ஏற்றது, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கி முடிந்துகொள்ளுங்கள். ரப்பர்ச் செருப்பு வேண்டாம். பள்ளிக்கு அணியும் கான்வாஸ் ஷூ போதும். அடிப்பாகம் தேய்ந்திருக்கக் கூடாது. தலைக்குத் தொப்பி அல்லது ஒரு பருத்தித் துண்டு. நம் ஊர்க் காடாத் துணியை நனைத்துத் தலையில் கட்டினால் அதைவிடச் சிறந்த குடையில்லை.

ஒருவருக்குக் குறைந்தது இரண்டு லிட்டர் தண்ணீர். மேலே கடை இல்லை. சுனை நீரைக் குடிக்கக் கூடாது. கடலை மிட்டாய், வாழைப்பழம், எலுமிச்சைச் சாதம் போதும். கட்டுத்துணி, பஞ்சு, மருந்து ஒரு சிறு பையில் இருக்கட்டும். எல்லாவற்றையும் முதுகில் தொங்கும் பையில் வையுங்கள். இரு கைகளும் குழந்தைக்காக ஓய்வாக இருக்க வேண்டும். பெண்பிள்ளைகள் கூச்சப்பட்டு மறைக்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மலைமேல் கழிப்பிடம் இல்லை. ஏறுமுன் கீழேயே அந்த ஏற்பாட்டை முடித்துக்கொள்ளுங்கள். அதற்கு அஞ்சித் தண்ணீர் குடிக்காமல் இருப்பது பெருந்தவறு.

பெரியவர் துணையின்றிச் சிறுமியர் மட்டும் செல்லக் கூடாது. இரண்டு குழந்தைகளுக்கு ஒரு பெரியவர் என்பது குறைந்த அளவு.

பள்ளத்தின் பக்கம் நீ

இனி ஏறுவோம். குழுவில் மிகச் சிறிய குழந்தை முன்னே நடக்கட்டும். அதன் வேகமே எல்லோருடைய வேகமும். அண்ணன்மார் முன்னே ஓடி, உச்சியில் நின்று கூவி அழைத்தால், பின்தங்கிய குழந்தை அவசரப்பட்டு விழும்.

ஒரே ஒரு விதியை மனத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: எப்போதும் பள்ளத்தின் பக்கம் பெரியவர், பாறையின் பக்கம் குழந்தை. ஏறும்போது நீங்கள் குழந்தைக்குப் பின்னே, இறங்கும்போது முன்னே. குழந்தை சறுக்கினால் உங்கள்மேல்தான் சாய வேண்டும். அதன் விரலைப் பிடிக்காதீர்கள், நழுவிவிடும், மணிக்கட்டைப் பிடியுங்கள்.

கோட்டையின் வாயில்களே நமக்கு இளைப்பாறும் நிலையங்கள். பகைவனைத் தடுக்கக் கட்டிய அந்த வாயில்களில் நிழல் இருக்கும்; உட்காரக் கல் இருக்கும். "உச்சி எப்போது வரும்?" என்று குழந்தை கேட்டால் உச்சியைக் காட்டாதீர்கள்; அடுத்த வாயிலைக் காட்டுங்கள். ஒவ்வொரு வாயிலிலும் ஒரு கேள்வி கேளுங்கள். "இந்தத் திருப்பத்தில் யானை ஓட முடியுமா?" "மேலே இருப்பவனுக்கு நாம் தெரிகிறோமா? அவன் நமக்குத் தெரிகிறானா?" கால் ஓயும்போது அறிவு விழிக்கும். அரைமணி நேர ஓய்வு தராத தெம்பை ஒரு நல்ல கேள்வி தந்துவிடும்.

சுனையும் தேனீயும் குரங்கும்

மலைமேல் உள்ள சுனைகள் அழகானவை. ஆனால் குழந்தைகளுக்குப் பாறையைவிட ஆபத்தானவை. விளிம்பில் பாசி, உள்ளே ஆழம் தெரியாத நீர், ஏறிவரப் படியில்லாத செங்குத்துக் கரை. கை கழுவக்கூடக் குழந்தையை அனுப்பாதீர்கள். ஒருவர் விழுந்தால் நீந்தத் தெரியாதவர் பின்னே குதிக்கக் கூடாது. துப்பட்டாவையோ கயிற்றையோ வீசி இழுக்க வேண்டும்.

பாறை முகட்டில் கறுத்த தட்டுப்போல் தொங்குவது மலைத்தேனீக் கூடு. கல்லெறிவதும் கூச்சலிடுவதும் அருகில் புகை மூட்டுவதும் கூடாது. இலங்கையிலுள்ள சிகிரியாக் குன்றில் குளவிகள் தாக்குவதால் பார்வையாளர் ஓடி ஒளியக் கம்பிவலைக் கூண்டுகள் வைத்ததுண்டு. காசியப்ப மன்னன் ஐந்தாம் நூற்றாண்டில் அமைத்த கோட்டை அது. ஏறத்தாழ 1,200 படிகள். இவ்வளவு புகழ்பெற்ற இடத்திலும் மலைக்கு உரியவர்கள் அவ்வுயிர்களே!

குரங்குகள் உணவுப் பொட்டலத்தை அறியும். கையில் பை தொங்கினால் பறிக்கும். குழந்தையின் கையில் தின்பண்டம் கொடுத்து நடக்க விடாதீர்கள். குரங்கு நெருங்கினால் பல்லைக் காட்டிச் சிரிக்கவோ, நேராக முறைத்துப் பார்க்கவோ வேண்டாம், மெதுவாக விலகுங்கள். கடித்தாலோ பிறாண்டினாலோ, சிறு கீறல் ஆனாலும், சோப்பும் நீரும் கொண்டு கால் மணி நேரம் கழுவி, அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

திரும்பத் தெரிவதே வீரம்

மலை ஏறுவது பாதி வேலை. இறங்குவதே மீதி வேலை. இறங்கும்போதே தொடைத் தசைகள் உடல் எடையைத் தாங்கித் தாங்கிக் களைக்கின்றன, முழங்கால் நடுங்குகிறது. வீடு திரும்பும் ஆவலில் கவனமும் குறைகிறது. ஆகவே குழந்தையின் வலிமையில் பாதி எஞ்சியிருக்கும்போதே இறங்கத் தொடங்க வேண்டும். தோள்மேல் குழந்தையை உட்கார வைத்துக்கொண்டு செங்குத்துப் படியில் இறங்குவது கூடவே கூடாது. இருவர் விழுவதற்கு அது வழி. மிகச் செங்குத்தான இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குவதில் இழிவில்லை.

புறப்படுமுன்பே திரும்பும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். "பத்து மணி அடித்தால் எங்கிருந்தாலும் திரும்புவோம்" என்று எல்லோரிடமும் சொல்லுங்கள். உச்சி கண்ணுக்கு எதிரே இருந்தாலும் பத்து மணி என்றால் பத்து மணிதான். தென் அமெரிக்காவின் பெரு நாட்டில் இன்கா மக்கள் பதினைந்தாம் நூற்றாண்டில் எழுப்பிய மாச்சு பிச்சு நகரம் இருக்கிறது. அதன் பின்னே செங்குத்தாக நிற்கும் வைனா பிச்சு சிகரத்துக்கு நாள்தோறும் குறிப்பிட்ட எண்ணிக்கையினரையே, குறிப்பிட்ட நேரத்தில் மட்டுமே அனுமதிக்கின்றனர். வயது வரம்பும் உண்டு. நம் மலைகளில் அவ்வளவு கண்டிப்பு இல்லாத இடத்தில், அந்தக் கண்டிப்பை நாமே நமக்கு விதித்துக்கொள்ள வேண்டும்.

குழந்தை "பயமாக இருக்கிறது" என்றால், "இதற்கெல்லாம் பயமா?" என்று கேலி செய்யாதீர்கள். பயம் என்பது உயிரைக் காக்க இயற்கை தந்த காவல்காரன். கேலிக்கு அஞ்சிப் பயத்தை மறைக்கும் குழந்தைதான் ஆபத்தில் சிக்கும். "சரி, இந்த வாயில் வரை வந்ததே பெரிது, அடுத்த ஆண்டு அடுத்த வாயில்" என்று சொல்லிப் பாருங்கள். அந்தக் குழந்தை அடுத்த ஆண்டு தானே முன்வந்து உங்கள் கையை இழுக்கும். அழ அழ உச்சிக்கு இழுத்துச் சென்ற குழந்தையோ, பிறகு எந்த மலையையும் விரும்பாது.

கல்லுக்கும் ஒரு மரியாதை

இறுதியாக ஒன்று. கோட்டைச் சுவரில் பெயர் கிறுக்குவது சிலருக்குப் பெருமை! 1958-ஆம் ஆண்டுத் தொல்சின்னச் சட்டப்படி அது குற்றம். 2010-இல் செய்த திருத்தத்தின்பின், இரண்டாண்டு வரை சிறையோ, ஓர் இலட்ச ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். சட்டம் இருக்கட்டும், சின்னமலையின் பெயரையே எவரும் செதுக்கிவைக்கத் தேவையில்லாமல் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் நெஞ்சில் வைத்திருக்கிறார்கள். நம் பெயரைக் கரியால் எழுதிவிட்டு வருவதில் என்ன புகழ்? கொண்டுபோன நெகிழிப் பை ஒவ்வொன்றையும் கீழே கொண்டுவருவோம். அதைத் தம்பி தங்கையரின் பொறுப்பாக்குங்கள். எண்ணிக் கொடுத்து, எண்ணி வாங்குங்கள்.

மாணவியரே! தெளிந்த காலையில் சங்ககிரியின் மேலிருந்து பார்த்தால், தெற்கே திருச்செங்கோட்டு மலையும் சுற்றிலும் விரிந்த கொங்குச் சமவெளியும் தெரியும். அந்தச் சமவெளியைக் காக்கத்தான் இத்தனை கல்லும் அடுக்கப்பட்டன. அதன் விடுதலைக்காகத்தான் ஒருவர் அங்கே உயிர் நீத்தார். அதைத் தம்பிக்குச் சுட்டிக்காட்ட இன்னொரு கை இருக்கட்டும். ஒரு கை மட்டும் அவன் மணிக்கட்டை விடாதிருக்கட்டும். பாட்டி மறுபடி கேட்டால் சொல்லுங்கள்: "மெதுவாக ஏறுவோம், முடியாவிட்டால் திரும்புவோம், எல்லோரும் சேர்ந்தே வீடு வருவோம்."